பத்து வீட்டுக்குப் பதினொரு சுவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கூலி லயத்திலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு நடந்து போன முதல் பிள்ளை நான். எனக்கு முன்னால் ஒரு பையன்கூடப் போனதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக நான் லயத்து வாசல்களைக் கடக்கும்போது, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் சண்டையை நிறுத்திவிட்டு வழி விடுவார்கள். "கலெக்டரம்மா போறாங்க, வாளியை எடுங்கடி" என்று ஒருத்தி சொல்வாள். கேலிதான். ஆனால் வாளியை எடுத்துவிடுவார்கள்.

அப்பா யார்டில் ரயில் பெட்டி கழுவினார். அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் துணி துவைத்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. பெண் பிள்ளைகளைத் தேடி லயத்துக்கு வந்த மிஷன் பெண்மணி ஒருத்தி எனக்கு இலவச இடம் வாங்கிக் கொடுத்தாள். கடைசி வகுப்புவரை அந்த இடத்திலேயே படித்தேன். கடைசி வகுப்பின் முடிவில், சீமையிலிருந்து கப்பலில் கேள்வித்தாள் வரும் பெரிய பரீட்சை இருந்தது. அதில் தேறினால் அதே பள்ளியில் சின்ன வகுப்புக்கு மாணவ ஆசிரியையாக எடுத்துக்கொள்வதாகப் பெரிய மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். பெரிய மிஸ்ஸியம்மா என்று நாங்கள் அழைத்தது தலைமையாசிரியையை. நான் அந்த ஒரு வேலையை மட்டுமே விரும்பினேன். கரும்பலகை முன்னால், கையில் சாக்கட்டியோடு நிற்கும் என்னை எத்தனையோ முறை மனத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் எனக்குக் கைக்கடிகாரம்கூட இருந்தது.

பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் புதுப் பாடம் எதுவும் நடக்கவில்லை. பழையதைத் திரும்பப் படிப்பதுதான். கணக்கைப் பெரிய மிஸ்ஸியம்மாவே எடுத்தார். பெரிய கணக்கில் தோற்பவர்கள் எல்லாரும் சின்ன எண்ணில் சறுக்கியவர்கள்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். அதனால் எங்களை மறுபடி குழந்தைகளாக்கினார். ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பிலிருந்து தொடங்கினோம். பிறகு கூட்டல், கழித்தல், பொதுக் காரணி, பொது மடங்கு, பின்னம், தசமம், விகிதம். பாசாரில் காத்தி, தாஹில் என்ற உள்ளூர் எடைகளில் நிறுத்து வாங்கும் நாங்கள், காகிதத்தில் பவுண்டும் அவுன்ஸும் நிறுத்தோம். ஒருவரும் கண்ணால் பார்த்திராத ஊர்களுக்கு இடையில் ரயில்கள் ஓடின. அந்தப் பெட்டிகளையும் யாராவது கழுவுவார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் போட வேண்டும். கழித்தலைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வகுத்தலைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். "இரண்டு விடையும் ஒன்றானால் நம்பு. வேறு வேறானால் ஒன்று பொய்" என்பார். நாங்கள் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ஒரு வழியும் வலப்பக்கம் இன்னொரு வழியும் போடுவோம். அந்த மடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் கடைசி வரியில் ஒரே எண் வந்து நிற்கும்போது வரும் மகிழ்ச்சியை லயத்தில் யாரிடமும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

பள்ளி விட்டதும் நானும் என் தோழியும் பள்ளி வேலியோரம் மழைமரத்தின் அடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அவள் யாழ்ப்பாணத்துக் கிராணியின், அதாவது அலுவலகக் குமாஸ்தாவின், மகள். பள்ளிச் சம்பளம் கட்டிப் படித்தவள். அவளுக்குப் பின்னம் வராது.

"ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தாலை வகுக்கேக்க ஏன் ரெண்டாவதைக் கவிட்டுப் போட வேணும்? ஆர் சொன்னது?" என்பாள்.

"யாரோ சொன்னாங்க. நீ கவுத்துப் போடு, விடை வரும்."

"காரணம் தெரியாமல் நான் ஒண்டையும் கவிட்டுப் போட மாட்டன்."

"அரையைக் காலால வகுத்தா எத்தனை?"

"காலாலை ஏன் வகுக்க? கையாலை வகுக்கலாம்தானே."

"போடி. நீ பெயிலாத்தான் போவே."

"நான் பெயிலானால் அப்பா கலியாணம் செய்து வைப்பார். நீ பெயிலானால்?"

நான் பெயிலாவதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவளுக்குத் தெரியும். "விசரி, உனக்குத் தலைக்கனம்" என்று சொல்லிவிட்டு என் விடையைப் பார்த்து எழுதுவாள்.

ஒரு நாள் பெரிய மிஸ்ஸியம்மா எங்களை வகுப்புக்கு வெளியே அழைத்துவந்து அந்த வேலி முன்னால் நிறுத்தினார். பத்து கஜ நீளத்துக்கு வேலி போட வேண்டும்; ஒரு கஜத்துக்கு ஒரு தூண்; எத்தனை தூண் வேண்டும் என்று கேட்டார். வகுப்பே பத்து என்றது. நான் பதினொன்று என்றேன். எப்படி என்று கேட்டார். நான் எங்கள் லயத்தைச் சொன்னேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு; ஆனால் சுவர் பதினொன்று. கோடி வீட்டில் இருப்பதால் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் இருமல், மறு பக்கம் மழை.

பெரிய மிஸ்ஸியம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "இடைவெளியை எண்ணுகிறோமா, தூணை எண்ணுகிறோமா என்று முதலில் கேளுங்கள். இந்தப் பெண் கேட்டாள்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கால் தரையில் படவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் வயது விதி வந்தது. இலவச இடத்தில் படிக்கிறவர்களுக்குப் பரீட்சையன்று பதினேழு வயது நிறைந்திருக்கக் கூடாது. சம்பளம் கட்டுகிறவர்களுக்கு அந்த விதி இல்லை. என் தோழி, எப்படி எண்ணினாலும், பதினெட்டைத் தாண்டியவள். அவளை யாரும் கேட்கவில்லை. நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அந்தத் தோட்டம் கைமாறி, பழைய ஆட்கள் கலைந்துபோய்விட்டார்கள். பிறந்த தேதிக்கு எழுத்தில் சான்று எதுவும் இல்லை. அப்பா பள்ளிக்கு வந்து வாயால் சொன்னால் போதும் என்றார் பெரிய மிஸ்ஸியம்மா.

நான் பயப்படவில்லை. நான் பிறந்தது மாசி மாதம். பரீட்சை ஆண்டுக் கடைசியில். பரீட்சையன்று எனக்குப் பதினாறு நிறைந்து, பதினேழு நிறைய இன்னும் சில வாரங்கள் பாக்கி இருக்கும். இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஆனால் எங்கள் ஆட்கள் நிறைந்த வயதைச் சொல்வதில்லை. நடக்கிற வயதைச் சொல்வார்கள். அதனால் அன்று சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்ததும் அவரிடம் பேசினேன்.

"அப்பா, என் வயசு கேப்பாங்க. பதினாறுன்னு சொல்லணும்."

"ஏன் தாயி? பதினேழுல்ல நடக்குது."

"நடக்குறது வேற, முடிஞ்சது வேற. அவங்க முடிஞ்சதைத்தான் எண்ணுவாங்க."

அம்மிக்கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "வயசைக் கொறைச்சுச் சொல்றது கல்யாணத்துக்குத்தான்னு நெனைச்சேன். பள்ளிக்கூடத்துக்குமா?"

"கொறைக்கலம்மா. இதான் சரியான கணக்கு."

அப்பா யோசித்தார். "போன மாசியோட பதினாறு முடிஞ்சு போச்சு. முடிஞ்சுபோனதை இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? வேலையை விட்டு நின்னவனை வேலையில இருக்கான்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பதினாறுன்னு மட்டும் சொல்லுங்கப்பா. மத்ததை நான் இங்கிலீசுல சொல்லிக்கிறேன்."

"சரி தாயி. நீ படிச்சவ. பதினாறுன்னே சொல்லிடுறேன்" என்றார்.

மறுநாள் அரை நாள் லீவு கேட்டு வந்தார். வெள்ளை வேட்டியின் மேல், யாரோ ரயில்வே அதிகாரி கொடுத்த பழைய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கோட்டின் கைகள் அவருக்கு நீளம். பெட்டி கழுவும் சோடாவில் ஊறி வெளுத்துப்போன விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. பெரிய மிஸ்ஸியம்மா நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவர் இங்கிலீசில் சொல்வதை அப்பாவுக்கும், அப்பா சொல்வதை அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது பெருமையாக இருந்தது. அறைக்கு வெளியே போன ஆசிரியைகள் திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன்.

"கடவுளுக்கு முன்னால் சொல்வது போல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உன் தகப்பனாரிடம் சொல்" என்றார் பெரிய மிஸ்ஸியம்மா.

"சாமி முன்னால நின்னு சொல்ற மாதிரி உண்மையைச் சொல்லணுமாம்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கை கூப்பினார்.

"சாமி சத்தியமா, தொரசாணியம்மா. எம்மவளுக்குப் பதினேழு நடக்குது."

நான் உடனே இங்கிலீசில் சொன்னேன்: எனக்குப் பதினாறு நிறைந்துவிட்டது, பதினேழாவது ஆண்டு நடக்கிறது என்று அப்பா சொல்கிறார். சொல்லி முடிப்பதற்குள் பெரிய மிஸ்ஸியம்மா கையை உயர்த்தினார். பல வருடம் இந்த ஊரில் இருந்தவர். காய்கறிக்காரியிடம் தானே விலை கேட்டு வாங்குகிறவர். தமிழில் வேறு எது தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும்.

"அவர் வாயில் பதினாறு வரவேயில்லை. பதினேழு என்றார்."

"ஆமாம், மேடம். ஆனால்..."

"என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அப்படித் தோன்றியது. ஆனால் பொய் சொல்லித்தான் அந்தப் பரீட்சையை எழுத வேண்டும் என்ற நிலையில் நான் இல்லை. என் பக்கம் கணக்கு சரியாக இருந்தது.

"சொல்லிக்கொடுத்தேன்."

"எந்த எண்ணை?"

"பதினாறு."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். நான் வேலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பிறந்த நாள்தான் முதல் தூண். எங்கள் ஆட்கள் தூணை எண்ணுகிறார்கள். பள்ளியின் விதி இடைவெளியை எண்ணுகிறது. நீங்கள்தான் எங்களுக்கு அதைக் காட்டினீர்கள். மேசைமேல் கிடந்த மை ஒற்றும் தாளில் விரலால் கோடு இழுத்துக்கூடக் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். அதனால் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

"நீ கெட்டிக்காரி" என்றார். "எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது."

பிறகு சொன்னார். எழுத்தறியாத மனிதர் கடவுளுக்குப் பயந்து உண்மையைச் சொன்னார். படித்த மகள் அவரைப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தாள். இரண்டு விடை வந்தால் ஒன்று பொய் என்று உனக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். இப்படிப்பட்டவளிடம் சின்னப் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பேன் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாட்சி சொல்லி முடித்த நிம்மதியோடு என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போகிறதென்று நினைத்திருக்கிறார்.

நான் அழவில்லை. நன்றி, மேடம் என்று இங்கிலீசில், அவர் கற்றுக்கொடுத்த உச்சரிப்பில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா கேட்டார்.

"என்ன தாயி சொன்னாங்க?"

"பரீட்சைக்கு வேணாம்னு சொல்லிட்டாங்கப்பா."

"ஏன்?"

"எங்களை மாதிரி இலவசப் பிள்ளைங்களுக்கு இடம் கொறைச்சலாம்."

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லப்பா. நீங்க சொன்னது சரி."

"பதினாறுன்னு சொல்லணும்னுதான் வந்தேன். சாமி முன்னாலன்னு நீ சொன்னதும் வாய் வரல."

"சரிதான்பா" என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். பாதி வழியில் யார்டுக்குத் திரும்பும் இடம் வந்தது. அரை நாள் வேலை பாக்கி இருந்தது. போனார்.

பரீட்சை நாட்களில் நான் அம்மாவோடு துணி துவைத்தேன். குழாயடியில் யாரும் வாளியை எடுத்து வழி விடவில்லை. நான் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றவர்களைப் போல வரிசையில் நின்றேன். யாரும் கேலியும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று என் தோழி எங்கள் லயத்துக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அங்கே வந்ததே இல்லை. சாக்கடையைத் தாண்டுவதற்குப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த வீடென்று தெரியாமல் நின்றாள். பிறகு கோடி வீடு என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து நேராக வந்தாள்.

"இந்தா. உனக்கெண்டு கொண்டந்தனான்" என்று கேள்வித்தாளை நீட்டினாள்.

"எப்படி எழுதினே?"

"பின்னம் எல்லாம் கவிட்டனான். காரணம் கேக்கேல்லை." சிரிக்கப் பார்த்தாள். "தெரு விளக்குக் கணக்கு ஒண்டு வந்தது. எங்கட வேலிக் கணக்குத்தான். நான் பிழையா எழுதிப்போட்டன். எழுதி முடிச்ச பிறகுதான் உன்ர நினைவு வந்தது."

அவள் அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் தேறிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

அவள் போனதும் வெற்றுத் தாள்களை நடுவில் மடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். முதல் கணக்கிலிருந்து தொடங்கினேன். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி. எல்லாம் ஒத்துவந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பென்சிலைக் கீழே வைத்தபோது, இதைத் திருத்த யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கேள்வித்தாளைக் கையில் எடுத்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.

"இதுல என்ன கேட்டிருக்கு? எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு."

ஏதோ நினைவில் விளக்குக் கணக்கைச் சொன்னேன். பத்து கஜத் தெரு, ஒரு கஜத்துக்கு ஒரு விளக்கு, இந்த முனையிலும் விளக்கு, அந்த முனையிலும் விளக்கு. தாளில் இருந்த எண்கள் வேறு, அவருக்காகச் சுருக்கினேன்.

"பத்து" என்றார்.

"பதினொண்ணுப்பா."

"எப்படி? பத்து கஜத்துக்குப் பத்துதானே?"

"நம்ம லயத்தைப் பாருங்க. வீடு பத்து. சுவர் எத்தனை?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உணர்ந்தேன். அப்பா அதற்குள் எழுந்துவிட்டார். எங்கள் கோடிச் சுவரில் கை வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலாக நடந்து, இரண்டு வாசலுக்கு நடுவில் சுவர் வரும் இடத்தில் முகப்புப் பலகையைத் தொட்டுத் தொட்டு மறு கோடிவரை போனார். "என்னண்ணே, சுவரைப் பேத்தெடுக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா எண்ணுவதை நிறுத்தவில்லை. போன வேகத்தில் திரும்பி வரவில்லை. மறு கோடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பதினொண்ணு" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கு வயசுக்கு நீ சொன்னது இதுதானா?"

"ஆமாப்பா."

"அப்போ நான் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி."

"ரெண்டும் சரிதான்பா."

"அதை அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல, தாயி?"

"சொன்னேன்பா."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோறு போட்டு வைத்த அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் தம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இப்போது கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுக்கிறேன். சான்றிதழ் இல்லாத வேலை. கரும்பலகை உண்டு, கைக்கடிகாரம் இல்லை. என் பிள்ளைகள் தாளை, அதாவது சிலேட்டை, நடுவில் கோடிட்டு இரண்டு வழியில் கணக்குப் போடுகிறார்கள். விடை வேறு வேறாக வந்தால், என்ன எண்ணினாய் என்று முதலில் கேட்கிறேன்.

போன மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, பந்திங் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா எல்லாம் விசாரித்துவிட்டு, பொண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டார். நான் உள்ளே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பாவின் குரல் வரவில்லை. அம்மா கதவோரத்திலிருந்து சைகை காட்டினாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"எந்தக் கணக்குல கேக்குறீங்க?" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். "வயசுக்கு எத்தனை கணக்கு மச்சான் இருக்கு?" என்றார் அந்த மாமா. மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.